கண்ணாடியில் தெரிந்த போல்ட்

சலூன்காரர் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. கத்தி பிடிக்கிற கை நடுங்கக்கூடாது என்பதால் கோபத்தைக்கூட அவர் தவணை முறையில்தான் வெளியே விடுவார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு சத்தியம் செய்தார். அதற்குக் காரணம் கையடக்கமான ஒரு மிஷின்.

மிஷினுக்கு முந்தைய காலம் பொற்காலம். சலூன்காரரின் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. அவர் மெக்கானிக். தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஷெட் வைத்திருந்தார். மச்சினனின் தலையைச் சலூன்காரர் பார்த்துக்கொள்வார். சலூன்காரரின் மோட்டார் சைக்கிளை மச்சினன் பார்த்துக்கொள்வார். இதை இருவரும் என்றைக்கும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. முடி காதைத் தொட்டால் மச்சினன் வந்து நாற்காலியில் உட்காருவார். வண்டி இருமினால் சலூன்காரர் கொண்டுபோய் ஷெட்டில் விடுவார். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கேள்வியே எழாமல் இரண்டு குடும்பமும் நன்றாக இருந்தது.

ஒருநாள் வண்டியை விடப் போனவர், ஷெட்டில் ஸ்பானர்கள் தொங்கும் பலகைக்குக் கீழே ஒரு புது அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பெட்டியின்மேல் அழகாக முடி வெட்டிய ஒருவன் தன்னைத்தானே பாராட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள இது?"

"மிஷின் மாமா. முடி வெட்டற மிஷின். சார்ஜ் போட்டா போதும். நாமளே வெட்டிக்கலாம்."

"நாமளேன்னா யாரு?"

மெக்கானிக் கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "நான்தான்" என்றார். "உங்க கடையில எப்பவும் கூட்டமா இருக்கா, நமக்கு நேரம் தோதுப்படல. அதான்."

சொன்னவருக்கு அது ஒரு தகவல். கேட்டவருக்கு அது ஒரு சகாப்தத்தின் முடிவு. சலூன்காரர் வண்டியின் சாவியை மெல்ல எடுத்துத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நல்லது மாப்ள. உன் தலையை நீயே பார்த்துக்கறேன்னா, என் வண்டியை நானே பார்த்துக்கறேன். இனிமே என் வண்டி டயர் உன் ஷெட்டுக்குள்ள பட்டுதுன்னா, அன்னைக்கே நான் கத்திரியைக் கீழ வெச்சுடறேன்."

"எதுக்கு மாமா இதுக்குப் போய்..."

"வெச்சுடறேன்."

கத்திரி அவருக்குச் சோறு போடுவது. ஆகவே இந்தச் சத்தியம் சும்மா காற்றில் விட்டது அல்ல என்பது ஷெட்டிலிருந்த மூன்று பஞ்சர் வண்டிகளுக்கும்கூடப் புரிந்தது.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. "மண்ணுக்குச் சண்டை போடுவாங்க, வரப்புக்குச் சண்டை போடுவாங்க. மசுருக்குச் சண்டை போட்டுப் பேசாம இருக்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மாளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தினமும் மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வருவாள். கணவருக்கு வாடிக்கையாளர் இருந்தால், பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். பேப்பர் படிக்க மாட்டாள். எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் கணவரின் கை ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சினிமா பார்க்கிற மாதிரி. ஆள் போனதும், "பின்னாடி இன்னும் கொஞ்சம் ஏத்தியிருக்கலாம்" என்று விமரிசனம் வேறு வரும். சலூன்காரர் பதில் சொல்வதில்லை. ஏனென்றால் பெரும்பாலும் அவள் சொல்வது சரி.

சலூன்காரரின் வெட்டுக்கு ஒரு கையெழுத்து உண்டு. இடது கிருதாவை வலது கிருதாவைவிட ஒரு அரிசி அளவு கீழே நிறுத்துவார். ஏன் என்று கேட்டால், "மனுஷ மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது சார். வலது பக்கம் சிரிக்கும், இடது பக்கம் யோசிக்கும். யோசிக்கற பக்கத்துக்குக் கொஞ்சம் நிழல் வேணும்" என்பார். கேட்டவர்கள் அதன்பிறகு கேட்பதில்லை. ஆனால் இரண்டு தெருவில் நடக்கும் எந்தத் தலையைப் பார்த்தாலும் அவரால் இது என் தலை, இது என் தலை இல்லை என்று சொல்லிவிட முடியும். அவருடைய சொந்தத் தலைதான் அவருடைய தலை இல்லை. அதை அடுத்த வீதிக் கடையில் கொடுத்துவிட்டு, வந்து ஒரு வாரம் முணுமுணுப்பார்.

சத்தியத்துக்குப் பிறகு மெக்கானிக் எங்கே போனாலும் தொப்பி போட்டுக்கொண்டு போனார். வெயிலிலும் தொப்பி, நிழலிலும் தொப்பி. சலூன்காரருக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. தொப்பிக்குள் ஒரு விபத்து நடந்திருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

"உன் தம்பி தலை எப்படி இருக்கு?" என்று ஒருநாள் மனைவியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"தலை மாதிரிதான் இருக்கு" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

இப்படி இருக்கையில், வண்டியின் எஞ்சினிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் கிளறுகிற சத்தம். எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. சலூன்காரர் போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தார். அதில் சட்டையில் ஒரு கறைகூட இல்லாத ஒருவன், "எஞ்சினுக்கு அடியில இருக்கற போல்ட்டை இடது பக்கமா திருப்பினா கழன்று வரும். பழைய ஆயில் கீழ வந்துடும். புது ஆயில் ஊத்தினா வேலை முடிஞ்சுது. குழந்தைகூடச் செய்யலாம்" என்றான். அவன் வீட்டுக் குழந்தை எப்படிப்பட்டது என்று அவன் சொல்லவில்லை.

கடைக்கு விடுமுறையான நாளில், வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் சலூன்காரர் வண்டியை நிறுத்தினார். அந்தச் சந்தில் ஒரு வண்டி நிற்கலாம், அல்லது ஒரு மனிதர் நிற்கலாம். இரண்டும் சேர்ந்து நிற்பதற்கு ஏதாவது ஒன்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வண்டியால் முடியாது. சலூன்காரர் இழுத்துக்கொண்டு குந்தினார். குந்தியதும் போல்ட் தெரியவில்லை. படுத்தார். படுத்ததும் சைலென்சர் தெரிந்தது, செயின் தெரிந்தது, எப்போதோ தொலைந்துபோன ஒரு துணிக் கிளிப் தெரிந்தது. போல்ட் மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு பிளம்பருக்கோ பஸ் டிரைவருக்கோ அது வந்திருக்காது. முடி வெட்டுகிறவருக்குத்தான் வரும். உள்ளே போய்ப் பையிலிருந்து தன் கைக்கண்ணாடியை எடுத்து வந்தார். முடி வெட்டி முடித்ததும், பின்னந்தலையைக் காட்டி "போதுமா சார்?" என்று கேட்கிற அந்த வட்டக் கண்ணாடி. அதை எஞ்சினுக்கு அடியில் தரையில் வைத்தார். கண்ணாடிக்குள் போல்ட் பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. ஒரு சின்ன வழுக்கைத் தலை மாதிரி இருந்தது.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஸ்பானரை உள்ளே விட்டுப் போல்ட்டைப் பிடித்தார். பிடித்தபிறகு கை நின்றது. வீடியோக்காரன் இடது பக்கம் என்றான். எந்த இடது?

எதிர்வீட்டு ட்யூஷன் வாத்தியார் மதில்மேல் கையை ஊன்றி இதையெல்லாம் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வதில் அவருக்கு இணை கிடையாது.

"கண்ணாடி இடவலத்தை மாத்தும் தெரியுமில்ல?"

"தெரியும் சார். என் பிழைப்பே அதுலதான்."

"ஆனா அது சுவத்துக் கண்ணாடி. இப்ப நீங்க தரையில வெச்சிருக்கீங்க. தரையில வெச்சா மேல கீழதான் மாறும், இடவலம் மாறாது."

"அப்ப இடது பக்கமே திருப்பிடலாமா?"

வாத்தியார் கண்ணை மூடி, விரலைக் காற்றில் சுற்றிப் பார்த்தார். முதலில் ஒரு பக்கம் சுற்றினார், பிறகு மறுபக்கம். கடைசியில், "யாருக்கு இடது?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

"நீங்க படுத்திருக்கீங்களே. படுத்திருக்கறவருக்கு இடதா, நின்னா வர்ற இடதா?"

சலூன்காரர் எழுந்து நின்று யோசித்தார். மறுபடி படுத்து யோசித்தார். யோசிக்க யோசிக்க, பிறந்ததிலிருந்து தன்னோடு வந்த இடது கையே வாடகைக்கு வந்த கைபோல் தோன்ற ஆரம்பித்தது. ஜன்னலிலிருந்து மனைவி, "சோத்துக் கை எதுன்னு தெரியுமில்ல? அதுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்க" என்றாள். அது தெளிவான யோசனை. கண்ணாடிக்குள் சோத்துக் கை எது என்பதுதான் பிரச்சினை.

கடைசியில் அவர் தன் அனுபவத்தைத் துணைக்கு அழைத்தார். இந்தக் கண்ணாடியில் ஊரே தன் பின்னந்தலையைப் பார்த்திருக்கிறது. வலது பக்கம் இடது பக்கமாகத் தெரிகிறது என்று ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. ஆகவே இந்தக் கண்ணாடி பொய் சொல்லாது. கண்ணாடிக்குள் எது இடது பக்கமாகச் சுற்றுகிறதோ அதுதான் இடது.

இந்த வாதத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கடையில் அந்தக் கைக்கண்ணாடிக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி உண்டு. ஒன்று திருப்பிப் போட்டதை மற்றது நேராக்கிவிடும். சந்தில் அந்தப் பெரிய கண்ணாடி இல்லை. இருந்ததெல்லாம் வாத்தியார்தான்.

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்து இடது பக்கமாக அழுத்தினார். போல்ட் அசையவில்லை. பல்லைக் கடித்து அழுத்தினார். கொஞ்சம் நகர்ந்தது. "வருது" என்றார். மூச்சைப் பிடித்து, காலைச் சுவரில் உதைத்து, குலதெய்வத்துக்கும் வீடியோக்காரனுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைத்து அழுத்தினார். உள்ளே எதுவோ "கிறீச்" என்றது. அதற்குப்பிறகு போல்ட் வெண்ணெயில் விட்ட கரண்டியாகச் சுற்ற ஆரம்பித்தது.

"இளகிடுச்சு சார்."

"நான்தான் சொன்னேனே" என்றார் வாத்தியார். எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

சலூன்காரர் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். போல்ட் வெளியே வரவில்லை. மறுபக்கம் சுற்றிப் பார்த்தார். அந்தப் பக்கமும் சுற்றியது. இந்தப் பக்கமும் சுற்றியது. எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க நினைக்கிற ஆள் மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் சரி என்றது; எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பிறகு அதன் ஓரத்தில் ஒரு கறுப்புச் சொட்டு திரண்டு, கண்ணாடியின் நடுவில் விழுந்தது.

"என்னங்க, கழண்டுருச்சா?" என்று ஜன்னல் கேட்டது.

"கழண்டுருச்சு."

"போல்ட்டா?"

சலூன்காரர் சொட்டுகிற இடத்தைப் பார்த்தபடி, "மரை" என்றார். போல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற உள்வரிகள். இறுகியிருந்ததை மேலும் இறுக்கியதில் அவை சீவிப்போய்விட்டன.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க அந்தச் சத்தியம் பண்ணப்பவே கழண்டுருச்சு" என்றாள் மனைவி.

இரத்தம் கசிந்தால் சலூன்காரரின் கை தானாக ஒரு இடத்துக்குப் போகும். அன்றும் போனது. உள்ளே ஓடிப் படிகாரக் கட்டியை எடுத்துவந்து எஞ்சினின் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். சவரத்தில் கீறிய எத்தனையோ கன்னங்களைச் சமாதானப்படுத்திய படிகாரம் அது. எஞ்சின் சமாதானம் ஆகவில்லை.

இனி இரண்டே வழி. மச்சினன் ஷெட், அல்லது ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு மெக்கானிக். முதல் வழியில் போனால் கத்திரியைக் கீழே வைக்க வேண்டும். சலூன்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

"நேரா போனா தம்பி ஷெட்டு வழியாத்தானே போகணும்?" என்றாள் மனைவி.

"நான் சுத்திப் போறேன்."

"நீங்க எதையும் சுத்தித்தான் போவீங்க."

அவர் பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மரக்கடைச் சந்துக்குள் நுழைந்து, யார் கண்ணிலும் படாமல் போனார். திட்டம் கச்சிதமானது. ஆனால் வண்டி, தான் போன பாதை முழுவதும் ஒவ்வொரு சொட்டாகக் குறிப்பு எழுதிக்கொண்டே போனது. சலூன்காரர் முன்னால் யார் வருகிறார்கள் என்று மட்டும்தான் பார்த்தார்.

டீ குடிக்கக் கிளம்பிய மெக்கானிக் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்தார். சாலையில் கிடந்ததை விரலால் தொட்டு, மோந்து பார்த்தார். பழைய எஞ்சின் ஆயில், ரொம்ப நாளாக மாற்றாதது. எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. ஷெட்டுக்குத் திரும்பிக் கருவிப்பையைத் தோளில் மாட்டி, ஒரு ஆயில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக நடந்து மரக்கடைச் சந்துக்குள் வந்தார். மேட்டில் வண்டி ஏறாமல், இறங்கவும் முடியாமல், ஹேண்டில்பாரைக் கட்டிப்பிடித்தபடி அவருடைய மாமா நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளிட்டுப் போறீங்களா மாமா, அது உங்களைத் தள்ளுதா?"

"நான் நடக்கத்தான் வந்தேன். வண்டி கூட வந்துது."

மெக்கானிக் வண்டியை வாங்கி மரக்கடைச் சுவரோரம் நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்தார். போல்ட்டைச் சுற்றியிருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"படிகாரமா?"

"ரத்தம் நிக்கும்ல. அதான்."

"எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

"இடது பக்கம்தான்."

"யாருக்கு இடது?"

சலூன்காரருக்கு அந்தக் கேள்வியை அன்று இன்னொரு முறை கேட்கும் சக்தி இல்லை. "இது ஷெட்டு இல்ல மாப்ள. தெரு. தெருவுல யாரு வேணா யாரு வண்டியையும் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். சத்தியத்தின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும் அல்லவா.

"நான் என்ன ஷெட்டையா தூக்கிட்டு வந்தேன்? கண்ணாடியை வெச்சுப் பார்த்தீங்களா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"வேற யாரு வண்டியில இப்படி ஆகும்."

பையிலிருந்து ஒரு சுற்றுப் பெரிய போல்ட்டை எடுத்தார். தானே மரையை வெட்டிக்கொண்டு ஏறுகிற வகை. எண்ணெயை வடித்துவிட்டு, தரையோடு தரையாகக் குப்புறப் படுப்பதற்காகத் தொப்பியைக் கழற்றி சீட்டின்மேல் வைத்தார்.

சலூன்காரர் இத்தனை நாள் காத்திருந்த காட்சி. விபத்தைப் பார்க்கும் ஆவலோடு மச்சினனின் பின்னந்தலைக்கு மேலே குனிந்தார்.

விபத்து இல்லை. கழுத்தடியில் ஒரு படிகூடத் தெரியாமல், கீழிருந்து மேலே புகை எழும்புவதுபோல் முடி ஏறியிருந்தது. காதைச் சுற்றிய வளைவில் ஒரு பிசிறு இல்லை. அது நல்ல வெட்டு. அதைவிட மோசம், அது தெரிந்த வெட்டு. தன் கை ஓடுகிற ஓட்டம், தன் கத்திரி நிற்கிற நிறுத்தம். தான் வெட்டாத ஒரு தலையில் தன் கையெழுத்து.

"யாரு வெட்டுனது?" என்றார்.

"நானேதான்" என்றார் வண்டிக்கடியிலிருந்து மெக்கானிக்.

"பின்னந்தலையையுமா?"

"கண்ணாடியை வெச்சு."

கண்ணாடியை வைத்து என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்ய முடியாது என்பதில் அன்றைய தேதிக்கு அந்தச் சந்திலேயே பெரிய நிபுணர் சலூன்காரர்தான். அவர் மறுபக்கம் போய்க் குனிந்து கிருதாக்களைப் பார்த்தார். ஒன்று மற்றதைவிட ஒரு அரிசி கீழே. ஆனால் கீழே இருந்தது வலது. இடது மேலே.

அவர் இரண்டு தடவை பார்த்தார். தன் இடது கையைத் தொட்டு, இது இடதுதான் என்று உறுதி செய்துகொண்டு மறுபடி பார்த்தார். தன் வெட்டேதான், ஆனால் கண்ணாடிக்குள்ளிருந்து இறங்கி வந்த வெட்டு. இந்த வெட்டைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பார்த்துக் கற்ற ஒரே ஆள், தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு பின்பெஞ்சில் உட்காருகிறவள்தான்.

"உங்க அக்கா எப்ப வந்தா?"

அடியில் ஸ்பானர் நின்றது. "முதல் தடவை நானே வெட்டிக்கிட்டேன் மாமா. உச்சியில ரோடு போட்ட மாதிரி ஆயிடுச்சு. அக்காதான் வந்து மழிச்சு விட்டுச்சு. வளர வளர சீர் பண்ணிட்டு இருக்கு. உங்ககிட்ட சொன்னா நீங்க ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்கன்னு சொல்ல வேணாம்னுச்சு. இப்ப நல்லா இருக்கில்ல?"

"இருக்கு."

"வலது பக்கம் மட்டும் என்னமோ ஒரு மாதிரி இருக்கு. உங்ககிட்ட காட்டணும்னு நினைச்சுட்டேதான் இருந்தேன். எப்படிக் கேக்கறதுன்னுதான்..."

புது எண்ணெய் குடித்ததும் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கூழாங்கல் சத்தம் போய், பழைய குரல் வந்தது. மெக்கானிக் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "நாளைக்குக் கடைக்கு வர்றேன் மாமா. வலது பக்கத்தை ஏத்தறதோ இடது பக்கத்தை இறக்கறதோ, நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, குடிக்காமல் விட்ட டீயை நோக்கி நடந்தார்.

சலூன்காரர் சுற்றாமல் நேர்வழியில் திரும்பினார். ஷெட்டைத் தாண்டும்போது டயர் உள்ளே படாமல் சாலையின் மறு ஓரமாக ஓட்டினார், சத்தியம் சத்தியம்தானே. வழியெல்லாம் ஒரே குழப்பம். யார்மேல் கோபப்படுவது? மச்சினன்மேல் படலாம் என்றால், அவன் எண்ணெய்க் கையோடு போகிறான். மனைவிமேல் படலாம் என்றால், கழுத்தடியில் அந்தப் புகை எழும்புகிற அழகு கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்தைப் பிடிக்க அவருக்கே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. துரோகம் இவ்வளவு நேர்த்தியாக இருந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

வீட்டில் மனைவி கைக்கண்ணாடியிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு எதிரே வந்து நின்றார். அவள் நிமிரவில்லை.

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

"பின்னாடி இன்னும் கொஞ்சம் ஏத்தியிருக்கலாம்" என்றாள் அவளே.

"ஏத்தியிருக்கக் கூடாது. அதுதான் சரி."

சலூன்காரர் உள்ளே போய் ஒரு துண்டையும், சீப்பையும், தன் பழைய கத்திரியையும் எடுத்துவந்தார். முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அவள் துடைத்து வைத்த கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த வீதிக் கடைக்குப் போக அவருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"கத்திரியைக் கீழ வெக்கறதா சொன்னீங்களே?" என்றாள் அவள், கத்திரியை வாங்கிக்கொண்டு.

"கீழ வெக்கல. உன் கையிலதானே குடுத்தேன்."

அவள் சீப்பால் முடியைத் தூக்கிப் பார்த்தாள். கத்திரி இரண்டு முறை காற்றில் கிலுக்கென்று பேசிவிட்டு நின்றது.

"கிருதா எந்தப் பக்கம் இறங்கணும்? இடதா?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். மதிலுக்கு மேலே ட்யூஷன் வாத்தியாரின் தலை மெல்ல எழுவதையும் பார்த்தார். கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். இடது கையைத் தூக்கி, இடது காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இந்தப் பக்கம்" என்றார். "விரல் இருக்கற பக்கம். விரலை வெட்டிடாத."